மல்லாட்டைக் கொல்லையில் வெள்ளைப்புழு வந்தது இயற்கை விவசாயத்தாலா?

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். திருவண்ணாமலைப் பக்கம் இரண்டு ஏக்கர் மானாவாரிக் கொல்லை, ஒரு ஏக்கர் கழனி. மூன்று வருஷமாக உரத்தையும் மருந்தையும் நிறுத்திவிட்டு மாட்டெருவும், சாணி, கோமியம், வெல்லம் கரைத்த ஜீவாமிர்தமும் மட்டும் கொடுத்து வருகிறீர்கள். இந்த ஆடிப் பட்டத்து மல்லாட்டையில் (நிலக்கடலையில்) ஒரு பக்கம் கறையான், இன்னொரு பக்கம் வேரைத் தின்னும் வெள்ளைப்புழு. வரப்புக்கு அந்தப் பக்கம் யூரியாவும் டிஏபியும் போடுகிற பெரியவரின் கொல்லையிலோ மண்ணைக் கிளறினால் எறும்பும் வண்டும் சிலந்தியும் ஓடுகின்றன, பயிரும் நன்றாக நிற்கிறது. "இயற்கை விவசாயம் மண்ணில் உள்ள பூச்சிகளைக் காப்பாற்றும் என்றார்களே, அது பொய்யா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இயற்கையா ரசாயனமா என்ற பழைய வழக்கில் தீர்ப்புக் கேட்பது போலத் தோன்றினாலும், நீங்கள் உண்மையில் கேட்பது மண்ணுக்குள் இருக்கிற உயிர்கள் எதை நம்பி வருகின்றன, எதற்குப் பயந்து போகின்றன என்பதை. பூச்சியியல் படித்து இருபத்தெட்டு வருஷம் அதே வேலையில் இருந்திருக்கிறேன். அதில் பாதிக்கு மேல் மண்ணில் ஊர்கிறவற்றைப் பிடித்து எண்ணுவதிலேயே போனது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன். உங்கள் கொல்லையை நான் நேரில் பார்த்ததில்லை என்பதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைச் சொல்லிவிடுகிறேன். மண்ணின் உயிர் என்றாலே எல்லோரும் மண்புழுவைத்தான் சொல்வார்கள். மண்புழு பூச்சி இல்லை, அது தனி இனம். உங்கள் மாதிரி மானாவாரிச் செம்மண்ணில், வருஷத்தில் ஏழெட்டு மாதம் காய்ந்து கிடக்கிற இடத்தில், மண்புழுவை விடப் பெரிய வேலைக்காரர்கள் எறும்பும் கறையானும் சாணி வண்டும்தான். அவர்களுக்குக் கீழே கண்ணுக்குச் சரியாகத் தெரியாத ஒரு கூட்டம் இருக்கிறது. நன்றாக மக்கிய இலைச் சருகை ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் துணியில் உதறுங்கள். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் நீளத்தில் வெளுப்பாகவோ சாம்பல் நிறத்திலோ சில தெறித்துத் துள்ளும். வயிற்றுக்கு அடியில் மடித்து வைத்திருக்கிற வாலை விசிறித் துள்ளுகிற அவற்றுக்கு ஸ்பிரிங்டெயில் என்று பெயர். ஆறு கால் இருந்தாலும் இப்போதைய வகைப்பாட்டில் பூச்சிகளோடு சேர்ப்பதில்லை. நல்ல மண்ணில் ஒரு சதுர மீட்டரில் பல்லாயிரம் இருக்கும். பூஞ்சையை மேய்ந்து, மக்குகிற பொருளை இன்னும் பொடியாக்கி, சிலந்திக்கும் குட்டி வண்டுகளுக்கும் இரையாகி மண்ணுக்குள் ஒரு சந்தையையே நடத்துகின்றன. முதல் மழைக்குப் பிறகு சிவப்பு வெல்வெட் துணி போல ஊர்ந்து வருமே பட்டுப்பூச்சி, சங்கப் பாடல்களில் மூதாய் என்று வருவது, அதுவும் இந்தச் சந்தைக்கு இரை தேடி வருகிறதுதான். பூச்சிகளின் முட்டைகள் அதற்குத் தீனி.

இதில் சந்தேகமே இல்லாமல் சொல்லக்கூடியது விஷத்தைப் பற்றி. வேலையில் சேர்ந்த புதிதில், மல்லாட்டையில் வெள்ளைப்புழு என்று ஒரு விவசாயி வந்து நின்றார். அன்றைக்கு எல்லோரும் சொன்னதையே நானும் சொன்னேன். போரேட் என்ற பூச்சிமருந்துக் குருணையை மண்ணில் தூவச் சொல்லி எழுதிக் கொடுத்தேன். மறுநாள் காலை போய்ப் பார்த்தால் சால் நெடுக மண்புழுக்கள் மேலே வந்து நெளிந்துகொண்டிருந்தன. ஓட்டமாய் ஓடுகிற கறுப்புத் தரை வண்டுகள் மல்லாந்து காலை உதைத்துக்கொண்டிருந்தன. அவற்றைப் பொறுக்கித் தின்ன இரண்டு மைனாக்கள் வரப்போரம் செத்துக் கிடந்தன. வெள்ளைப்புழுவும் செத்திருக்கும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் புழுவின் முட்டையையும் குஞ்சையும் தின்று வந்த எல்லாமே அன்று ஒரே ராத்திரியில் போயின. எழுதிக் கொடுத்தது என் கை. அந்தக் காலை இன்னும் எனக்கு மறக்கவில்லை. போரேட்டை 2020 முடிவோடு இந்தியாவில் தடை செய்துவிட்டார்கள். நல்லது. ஆனால் அந்த இடத்தை வேறு மருந்துகள் பிடித்திருக்கின்றன. 2021இல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பாய்வு, மண்ணில் வாழும் முதுகெலும்பில்லா உயிர்களின் மேல் பூச்சிமருந்து, களைக்கொல்லி, பூஞ்சைக்கொல்லிகளை வைத்து நடந்த கிட்டத்தட்ட 400 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. அளந்து பார்த்தவற்றில் 70 சதவீதத்துக்கு மேல் கெடுதலே தெரிந்தது. செத்துப்போவது மட்டுமே கணக்கில்லை. முட்டை குறைவது, வளர்ச்சி தடைபடுவது, வளை தோண்டாமல் சும்மா கிடப்பது எல்லாம் அதில் சேர்த்தி. விதையில் பூசிக் கொடுக்கிற இமிடாகுளோபிரிட் வகை மருந்துகள் மண்ணில் மாதக்கணக்கில் தங்குகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் அந்த வகையில் மூன்றைத் திறந்தவெளிப் பயிர்களில் 2018இல் தடுத்தது. தேனீக்களுக்காகத் தடுத்தார்கள், மண்ணுக்குள் இருப்பவற்றுக்கும் அது நல்லதாகப் போயிற்று.

இரண்டாவது உறுதி, சாப்பாடு. மண்ணுக்குள் இருக்கிற உயிர்களில் பெரும்பாலானவை செத்த இலை, செத்த வேர், சாணி, அவற்றில் முளைக்கிற பூஞ்சை ஆகியவற்றைத் தின்றே வாழ்கின்றன. அந்தச் சாப்பாடு இருக்கிற இடத்தில் கூட்டம் கூடும். சுவிட்சர்லாந்தில் தெர்வில் என்ற ஊரில் 1978இலிருந்து ஒரே நிலத்தில் பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளாக இயற்கை முறையையும் வழக்கமான முறையையும் வைத்து ஒப்பிட்டு வருகிறார்கள். 21 வருஷக் கணக்கை 2002இல் வெளியிட்டார்கள். இயற்கைப் பாத்திகளில் மண்புழுவின் மொத்த எடை 1.3 முதல் 3.2 மடங்கு வரை கூடுதல். தரை வண்டு, சிலந்தி போல மண்மேல் ஓடி இரை பிடிப்பவை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அதே கணக்கில் விளைச்சல் 20 சதவீதம் குறைவு என்பதையும் மறைக்காமல் எழுதினார்கள். உரமும் எரிசக்தியும் 34 முதல் 53 சதவீதம் வரை குறைவாகப் போயின என்றும், பூச்சிமருந்து 97 சதவீதம் குறைந்தது என்றும் சேர்த்தே சொன்னார்கள். இயற்கை விவசாயம் பேசுகிறவர்கள் முதல் பாதியையும் அதை எதிர்க்கிறவர்கள் இரண்டாவது பாதியையும் பிய்த்து எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒன்றாக வைத்துப் படித்தால்தான் அது ஆய்வு. இன்னொன்றும் கவனியுங்கள், அது 21 வருஷத்துக் கணக்கு. நீங்கள் மூன்று வருஷத்தில் நிற்கிறீர்கள்.

இப்போது பெரியவரின் கொல்லைக்கு வருகிறேன். நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியில் எனக்கு விடை கிடைத்தது. அவர் வருஷா வருஷம் அறுவடை முடிந்ததும் ஆட்டுக் கிடை போடுகிறார் (ஆட்டு மந்தையைக் கொல்லையிலேயே ராத்திரி அடைத்து வைக்கிறார்), வரப்பில் பனையும் புங்கனும் நிற்கின்றன, புல்லை அவர் கொளுத்துவதில்லை என்று எழுதியிருந்தீர்கள். யூரியா போடுகிறார், சரி. பூச்சிமருந்து அடிக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. மானாவாரி மல்லாட்டைக்காரர்கள் பலர் மருந்துக் கடைப் பக்கம் அதிகம் போவதில்லை, அந்த விலைக்கு அவர்களுக்குக் கட்டாது. பருத்தி, மிளகாய், கத்திரி போடுகிறவர்களின் கதை வேறு. "ரசாயன விவசாயம்" என்று ஒரே பெயரில் இரண்டையும் சொல்லிவிடுகிறோம், மண்ணுக்குள் இருப்பவற்றுக்கு இரண்டும் வேறு வேறு உலகம். அளவோடு போட்ட யூரியா பூச்சிக்கு நேரடி விஷம் என்று சொல்ல முடியாது. கொட்டிய இடத்தில் அம்மோனியா ஏறிச் சுற்றிலும் சில சாகும், அவ்வளவுதான். பயிர் செழித்தால் வேரும் சருகும் கூடி மண்ணுக்குக் கொஞ்சம் சாப்பாடுகூடச் சேரும். நெடுங்காலம் யூரியா, அம்மோனியா வகை உரத்தையே நம்பினால் மண் புளிக்கும், அதாவது அமிலத் தன்மை ஏறும், மண்புழுவுக்குப் புளித்த மண் ஆகாது, மக்கு குறையவும் கூடும். அது நிஜமான கெடுதல். ஆனால் அது பத்து, இருபது வருஷத்தில் நடப்பது, குருணை போட்ட மறுநாள் காலையில் கண்டது போன்றது இல்லை. பெரியவர் ஒரு கையால் யூரியா போட்டாலும் மறு கையால் கிடை போட்டு மண்ணுக்குச் சோறு போட்டுக்கொண்டே இருக்கிறார். கிடை கிளம்பிய இடத்தில் காய்ந்த சாணியையோ புழுக்கைக் குவியலையோ மெல்லப் புரட்டிப் பாருங்கள். மேலே ஓடு மாதிரி இருக்கும், அடியில் வெறுமையாக இருக்கும், மண்ணில் சுண்டுவிரல் நுழைகிற மாதிரி ஓட்டைகள் நேராக இறங்கும். சாணி வண்டு எருவை உருட்டி உள்ளே கொண்டுபோன வழி அது. மழை வந்தால் தண்ணீரும் அதே வழியில்தான் இறங்கும்.

உங்கள் கொல்லையில் எனக்கு உறுத்துவது மூன்றாவது விஷயம், உழவு. களை எடுக்க ஆள் கிடைக்கவில்லை, மருந்தும் அடிப்பதில்லை, அதனால் ரோட்டவேட்டரை நாலு தடவை விட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். களைக்கொல்லி அடிக்காத நிலத்தில் உழவு கூடுவது உலகம் முழுக்க உள்ள சங்கடம். ரோட்டவேட்டர் மேல் மண்ணை மாவாக அரைக்கிறது. குட்டி ஸ்பிரிங்டெயில் சில வாரத்தில் திரும்ப வந்துவிடும். பெரிய உடம்புக்காரர்களான தரை வண்டு, மண்புழு, கூடு கட்டி வாழ்கிற எறும்பு ஆகியவற்றுக்கு அடி பலமாக விழும். வருஷத்துக்கு ஒரு தலைமுறை மட்டுமே பெருகுகிற வண்டு ஒரு தடவை அழிந்தால் அந்த வருஷம் அந்த இடம் காலிதான். வெளிநாடுகளில் உழாமல் விதைத்துக் களைக்கொல்லி அடிக்கிற சில நிலங்களில், நன்றாக உழுகிற இயற்கைப் பண்ணையை விட மண்புழு அதிகம் இருப்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இயற்கை விவசாயத்தை மனதார ஆதரிக்கிறவன் நான், இதைச் சொல்ல எனக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது, ஆனால் கண்டது கண்டதுதான். இதில் நம் ஊர்க் கோடை உழவைச் சேர்க்காதீர்கள். சித்திரை மாதப் புழுதி பத்தரை மாற்றுத் தங்கம் என்ற பேச்சில் பூச்சியியலும் இருக்கிறது. கோடை மழையில் ஒரு உழவு ஓட்டினால் உள்ளே உறங்குகிற வெள்ளைப்புழுவும் கூட்டுப்புழுவும் மேலே புரளும். கலப்பைக்குப் பின்னால் கொக்கும் மைனாவும் கரிச்சானும் வரிசையாக வருமே, அவை தின்று தீர்க்கும். ஒரு தடவை, பறவை வருகிற பகல் நேரத்தில். நாலு தடவை மாவாக்குவது அந்தக் கணக்கில் வராது.

அப்படியானால் மொத்தத்தில் எது நல்லது? 2005இல் வெளிவந்த தொகுப்பாய்வு ஒன்று அதுவரை நடந்த ஒப்பீடுகளைத் திரட்டியது. இயற்கைப் பண்ணைகளில் உயிரின வகைகள் சராசரியாக 30 சதவீதம், எண்ணிக்கை 50 சதவீதம் கூடுதல் என்று கண்டது. பறவை, செடி, இரைபிடிக்கும் பூச்சி, மண் உயிர்கள் ஆகியவற்றுக்கு நன்மை. பயிர் தின்னும் பூச்சிக்கு அந்த வித்தியாசம் இல்லை. ஆனால் நூற்றுக்குப் பதினாறு ஆய்வுகளில் முடிவு தலைகீழாகவும் இருந்தது. உங்கள் கொல்லை போன்றவை அந்தப் பதினாறில் வரக்கூடியவை. இந்த ஒப்பீடுகளில் பெரும்பாலானவை ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் குளிர் நாட்டு மண்ணில் நடந்தவை. அங்கே பூச்சிக்குக் கண்டம் பனிக்காலம், நமக்கு அக்கினி நட்சத்திரம். அந்த எண்களை அப்படியே செம்மண் மானாவாரிக்கு எடுத்துவர நான் துணிய மாட்டேன். திசை சரி, அளவு நம்முடையதாக இருக்காது. இயற்கை என்ற சீட்டு ஒட்டிய எல்லாமே மண்ணுக்கு நல்லது என்றும் நினைக்க வேண்டாம். இயற்கை விவசாயத்திலும் பூஞ்சைக்கு அடிக்கிற போர்டோ கலவையில் உள்ள தாமிரம் மண்ணில் கரைந்து போகாது, சேர்ந்துகொண்டே வரும், மண்புழுவைத் தாக்கும். அதனால்தான் ஐரோப்பாவில் ஏழு வருஷத்துக்கு ஹெக்டேருக்கு 28 கிலோ தாமிரம் என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். உங்கள் மாட்டுக்கு உண்ணிக்காக ஐவர்மெக்டின் ஊசி போடுகிறீர்களா? போட்டால் சில வாரத்துக்கு அந்தச் சாணியில் மருந்து இறங்கும், சாணி வண்டின் புழு அதில் பிழைக்காது. ஊசி போட்ட மாட்டின் சாணியை அந்த வாரங்களில் தனியாகக் குவித்து மக்கவிடுங்கள்.

ஜீவாமிர்தம் பற்றியும் கேட்டிருந்தீர்கள். ஏக்கருக்கு 200 லிட்டர் தண்ணீரில் 10 கிலோ சாணி, கோமியம், வெல்லம் 2 கிலோ, பயறு மாவு 2 கிலோ, ஒரு கைப்பிடி மண். அதில் நுண்ணுயிர் பெருகுகிறது என்பதில் தகராறு இல்லை. ஆனால் மண்ணில் பூச்சி பெருகுவதற்கு அது மட்டும் போதும் என்பதற்கு உறுதியான சான்று நான் பார்த்ததில்லை. எடையை நினைத்துப் பாருங்கள். ஒரு ஏக்கர் நிலத்துக்குப் பத்து கிலோ சாணி எந்த மூலைக்கு? ஜீவாமிர்தம் உறைமோர் மாதிரி. பால் இருந்தால்தான் தயிர் தோயும். சருகு, கொடி, தழை, மக்கிய எரு ஆகியவைதான் பால். மல்லாட்டைக் கொடியை முழுக்க மாட்டுக்கு எடுத்துப் போய்விட்டு, வரப்புப் புல்லையும் கொளுத்திவிட்டு, வெறும் மண்ணில் ஜீவாமிர்தம் ஊற்றினால் உறைமோரை வெறும் சட்டியில் ஊற்றியது போலத்தான்.

கறையானைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். உங்களுக்கு அதன் மேல் கோபம், எனக்கு அதன் மேல் மரியாதை. புற்று கட்டுகிற கறையான் முக்கியமாகச் செத்த பொருளைத் தின்கிறது, கூட்டுக்குள் பூஞ்சைத் தோட்டம் வைத்து அதைப் பக்குவமாக்கிச் சாப்பிடுகிறது. மேற்கு ஆஸ்திரேலியாவின் வறண்ட கோதுமை நிலத்தில் எறும்பும் கறையானும் இருக்கிற பாத்தியையும் அவற்றை விலக்கிய பாத்தியையும் ஒப்பிட்டு 2011இல் ஓர் ஆய்வு வந்தது. எறும்பு, கறையான் இருந்த இடத்தில் விளைச்சல் 36 சதவீதம் கூடுதல். வளைகளின் வழியாக மழை இறங்கியது, தழைச்சத்தும் கூடியது. மேற்கு ஆப்பிரிக்காவின் புர்கினா ஃபாசோவில் யாகூபா சவடோகோ என்ற விவசாயி, ஓடு போல இறுகிப்போன மண்ணில் குழி போட்டு எரு வைத்துக் கறையானை வேண்டுமென்றே வரவழைத்தார். கறையான் குடைந்த வழியில் மழைத் தண்ணீர் இறங்கி, பாலையாகிப் போன இடத்தில் கம்பும் மரமும் வந்தன. உங்கள் கொல்லையில் கறையான் காயைச் சுரண்டுகிறது என்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, நீங்கள் போட்ட எரு மக்காத எரு. அரைகுறைச் சாணியும் வைக்கோலும் விருந்து மாதிரி, கறையானை அழைத்துவந்து வேருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கும். இரண்டு, மழை பொய்த்துப் பயிர் வாடிய நேரம். வாடிய செடியைக் கறையானுக்குப் பிடிக்கும். எருவை நிழலில் குவித்து, இடையில் ஒருமுறை புரட்டி, சாண வாடை போய்ப் பொலபொலவென்று உதிர்கிற வரை வைத்துப் போடுங்கள். காய் முற்றியதும் தள்ளிப்போடாமல் பிடுங்குங்கள், பிடுங்கிய கொடியைக் காயோடு கொல்லையிலேயே நாள்கணக்கில் குவித்து வைக்காதீர்கள். கறையான் சுரண்டிய ஓட்டில் மஞ்சள் பூஞ்சை எளிதில் ஏறும், அஃப்ளாடாக்சின் நஞ்சு வருகிற வழிகளில் அதுவும் ஒன்று. கறையான் தின்கிற அளவை விட அது பெரிய நஷ்டம்.

வெள்ளைப்புழுவில் ஒரு சோதனை செய்த பிறகு கவலைப்படுங்கள். எருக்குழியிலும் கொல்லையிலும் கிடைக்கிற புழுக்களைத் தனித்தனியாக எடுத்துச் சமமான தரையில் விடுங்கள். சில புழுக்கள் உடனே மல்லாந்து, கால் ஆறும் வானத்தைப் பார்க்க, முதுகாலேயே நகர்ந்து போகும். பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். அவை மக்கைத் தின்கிற பூவண்டுப் புழுக்கள், வேரைத் தொடாது, விட்டுவிடுங்கள். எருக்குழியில் கட்டைவிரல் தடிமனில் இருப்பவை காண்டாமிருக வண்டின் புழுக்களாக இருக்கலாம். மல்லாட்டைக்கு அவற்றால் கெடுதல் இல்லை, பக்கத்தில் தென்னை இருந்தால் பொறுக்கி அழிக்க வேண்டும். ஒருக்களித்துச் சுருண்டு அப்படியே கிடக்கிறதே, வாடிய செடிக்கு அடியில் கிடைத்ததே, அதுதான் வேர்ப்புழு. அதன் தாய் வண்டு கோடை மழை பெய்த மாலையில் மண்ணிலிருந்து கிளம்பி வேம்பு, இலந்தை, கருவேல மரங்களில் இலை தின்னக் கூடும், பிறகு ஈர மண்ணில் இறங்கி முட்டையிடும். மழை பெய்த அன்று இருட்டிய பிறகு மரத்துக்குக் கீழே சாக்கை விரித்துக் கிளையை உலுக்குங்கள், விழுகிற வண்டை மண்ணெண்ணெய் கலந்த தண்ணீரில் போடுங்கள். முதல் இரண்டு, மூன்று மழைக்கு இதைச் செய்வது, பிறகு மண்ணில் எதைப் போடுவதையும் விட மேலானது. நீங்கள் மட்டும் செய்தால் போதாது, வண்டு பறந்து வருகிறது, பெரியவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பூச்சிகளுக்கு நோய் தரும் மெட்டாரைசியம் பூஞ்சைப் பொடியை மக்கிய எருவில் கலந்து ஈரத்தோடு போடலாம். சில இடங்களில் நன்றாக வேலை செய்கிறது, காய்ந்த மண்ணில் ஏமாற்றுகிறது. அதை முழுக்க நம்பச் சொல்ல மாட்டேன்.

கழனியைப் பற்றி நீங்கள் ஒரு வரிதான் எழுதினீர்கள், எனக்கோ அங்கேதான் அதிகம் நம்பிக்கை. 1970களிலும் 80களிலும் இந்தோனேசியாவில் புகையான் என்ற சாறு உறிஞ்சும் பூச்சி நெல்லை எரித்துக்கொண்டே போனது. மருந்து அடிக்க அடிக்கப் புகையான் பெருகியது, காரணம் மருந்து முதலில் கொன்றது சிலந்தியை. 1986இல் அந்நாட்டு அரசு நெல்லுக்கு 57 மருந்துகளைத் தடை செய்தது, மருந்து மானியத்தையும் படிப்படியாக எடுத்துவிட்டது. விளைச்சல் சரிந்துவிடவில்லை. பிறகு ஜாவாவில் நடந்த ஆய்வுகள் இதன் காரணத்தைக் காட்டின. சேற்றில் மக்குகிற தழையைத் தின்று ஸ்பிரிங்டெயிலும் கொசு போன்ற சின்ன ஈக்களும் நட்ட சில வாரத்திலேயே பெருகுகின்றன. அவற்றைத் தின்று சிலந்திகள் பெருகுகின்றன. புகையான் வந்து சேரும்போது சிலந்திப் படை ஏற்கெனவே தயாராக நிற்கிறது. பாத்தியில் எரு கூடினால் இந்தச் சங்கிலி முழுக்கக் கூடியது. அந்த விவசாயிகள் யூரியாவை நிறுத்தவில்லை, பூச்சிமருந்தை நிறுத்தினார்கள். அதுவே பாதிக்கு மேல் வேலை செய்துவிட்டது. உங்கள் கழனியில் நடவுக்கு முன் தக்கைப்பூண்டோ கொழிஞ்சியோ பசுந்தழை உரமாக மடக்கி உழுது, நட்ட முதல் 40 நாள் வேப்பெண்ணெய்கூடத் தேவையில்லாமல் அடிக்காமல் பொறுத்திருங்கள். இலைகளில் சில ஓட்டைகள் விழும், பயிர் அதைத் தாங்கும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது எண்ணுவது. இரண்டு கொல்லையிலும் ஐந்து ஐந்து பிளாஸ்டிக் டம்ளர், பத்தடிக்கு ஒன்றாக, வாய் மண் மட்டத்துக்குச் சரியாக இருக்கும்படி புதையுங்கள். விளிம்பு துளி உயர்ந்திருந்தால்கூட வண்டு சுற்றிக்கொண்டு போய்விடும், விரலால் மண்ணைத் தடவி மட்டம் பாருங்கள். கால் டம்ளர் தண்ணீரில் உப்பும் இரண்டு சொட்டுச் சோப்புக் கரைசலும் விட்டு, மழை விழாமல் மேலே ஒரு ஓட்டுத்துண்டைக் கல் முட்டுக்கொடுத்து வையுங்கள். இரண்டு ராத்திரி கழித்து எடுத்து வெள்ளைத் தட்டில் கொட்டி, எறும்பு, வண்டு, சிலந்தி, மற்றவை என்று பிரித்து எழுதுங்கள். இது மண்மேல் நடமாடுகிறவற்றை மட்டும் காட்டும், ஆழத்தில் இருப்பவற்றைக் காட்டாது, ஒரு தடவை எடுத்த கணக்கை வைத்து எதையும் முடிவு செய்யவும் முடியாது. ஆடியில் ஒன்று, ஐப்பசியில் ஒன்று, மாசியில் ஒன்று என்று இரண்டு வருஷம் எடுத்தால் பேசலாம். அடுத்த பட்டத்தில் ஒரு ஏக்கரில் மட்டும் ரோட்டவேட்டரை ஒரே ஓட்டோடு நிறுத்தி, கொடியில் பாதியை மண்ணிலேயே பரப்பி விடுங்கள். இன்னொரு ஏக்கர் இப்போது போலவே இருக்கட்டும். வரப்புப் புல்லைக் கொளுத்துவதை மட்டும் இரண்டிலும் நிறுத்திவிடுங்கள், கோடையில் தரை வண்டும் சிலந்தியும் ஒதுங்க இருக்கிற ஒரே நிழல் அது. முடிந்தால் பெரியவரிடம் பேசி, கிடையை ஒரு வாரம் உங்கள் கொல்லையிலும் போடச் சொல்லுங்கள். அடுத்த ஆடியில் டம்ளரில் என்ன விழுந்தது என்று இங்கேயே எழுதுங்கள். படம் போட்டால் பெயர் சொல்கிறேன்.